வயசாகும்போது உடம்பில் என்னென்ன மாறும்? நீலகிரிப் பெண்கள் என்னிடம் கேட்ட கேள்விகள்

கோத்தகிரி, குன்னூர் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலும் ஹட்டிகள் என்னும் படுகர் ஊர்களிலும் முப்பது வருஷத்துக்கு மேல் செவிலியராக அலைந்தவள் நான். தடுப்பூசி போடப் போன வீடுகளில் குழந்தையின் பாட்டிதான் என்னைப் படி வரைக்கும் கூட்டிவந்து, குரலைத் தாழ்த்தி, "சிஸ்டர், ஒரு சந்தேகம்" என்பார். பாதிப் பேர் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலையும் தாங்களே சொல்லிக்கொள்வார்கள்: "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்." பல நேரம் அது சரி. சில நேரம் அது பெரிய தப்பு. எது வயசு, எது நோய் என்று பிரித்துச் சொல்லத்தான் இந்தப் பக்கம்.

எனக்கு 45 வயசு. நாலு மாசம் தூரம் வரல. நின்னுடுச்சுன்னு நெனச்சேன். போன வாரம் திரும்ப வந்து கொட்டித் தீர்க்குது. இது என்ன கணக்கு?

தூரம், அதாவது மாதவிடாய், நிற்பதற்கு முன் சினைப்பை ஓய்வு எடுக்கப் போகும் காலம் இது. மாதாமாதம் ஒழுங்காக முட்டை வெளிவராது. அதனால் சில மாதம் தள்ளிப்போகும், சில மாதம் பதினைந்து நாளிலேயே வரும், சில மாதம் அதிகமாகப் போகும். இந்தத் தடுமாற்றம் சிலருக்கு நாலைந்து வருஷம்கூட நீடிக்கும். தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் "நின்றுவிட்டது" என்று சொல்ல முடியும். பதினோராவது மாதம் ஒரு முறை வந்துவிட்டால் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும். நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் நிற்கிறது. 40-க்கு முன்பே நின்றால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். அது சீக்கிரம். எலும்பும் இதயமும் அதற்கான விலையைக் கொடுக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முழுசாக நிற்கும் வரை கரு தரிக்கலாம். 44 வயதில், மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தபோது, "நின்னு போச்சு" என்று நினைத்து ஐந்தாம் மாதத்தில் என்னிடம் வந்த ஒரு அம்மாவின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிறது, கட்டி கட்டியாகப் போகிறது, ஏழெட்டு நாளுக்கு மேல் நீடிக்கிறது என்றால் அதை வயசின் கணக்கில் எழுதாதீர்கள். கர்ப்பப்பைக் கட்டியாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம். ரத்தத்தையும் சோதித்துப் பாருங்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. ஏழு, எட்டு வைத்துக்கொண்டு மேட்டு மலையில் கொழுந்து பறித்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். மூச்சு வாங்குவதையும் வயசு என்றே நினைத்திருந்தார்கள். சாப்பாட்டோடு டீ குடிக்காதீர்கள். உணவில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளாமல் டீ தடுக்கும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். டீயே பிழைப்பாக இருக்கும் ஊரில் இதைச் சொல்வது எனக்கே கஷ்டம்தான், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

மார்கழிக் குளிர்ல எல்லாரும் ரெண்டு கம்பளி போத்திட்டுத் தூங்கறாங்க. எனக்கு மட்டும் குப்புனு சூடேறி வேர்த்துக் கொட்டுது. ஜுரமா?

ஜுரம் இல்லை. நம் மூளைக்குள் உடம்புச் சூட்டைக் கவனிக்கும் இடம் ஒன்று உண்டு. சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜென் என்ற ஹார்மோன் குறையும்போது அந்த இடம் பதற்றப்பட ஆரம்பிக்கிறது. உடம்பு துளி சூடானாலும் "ஐயோ, சுடுகிறது" என்று எண்ணி, தோலுக்குப் போகும் ரத்தக்குழாய்களைத் திறந்துவிடுகிறது. மார்பிலிருந்து கழுத்து, முகம் என்று அனல் ஏறும், படபடக்கும், வேர்க்கும். சில நிமிஷத்தில் அடங்கும். பிறகு நனைந்த ஜாக்கெட்டோடு நடுங்க வேண்டியதுதான்.

நம் ஊரில் இதை நான் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன். பஸ்ஸில் ஒரு அம்மா ஸ்வெட்டர் பட்டனைக் கழற்றுவார், முந்தானையால் விசிறுவார், ஜன்னல் கண்ணாடியைத் தள்ளுவார். பின்சீட்டுக்காரர் "பனி அடிக்குதும்மா" என்று கத்துவார். இரண்டு நிமிஷம் கழித்து அந்த அம்மாவே ஜன்னலைச் சாத்திவிட்டு ஸ்வெட்டரை இழுத்துப் போர்த்திக்கொள்வார். வீட்டில் இருப்பவர்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். அவர் பிடிவாதத்துக்காக ஜன்னலைத் திறக்கவில்லை.

ஒரே தடித்த ஸ்வெட்டருக்குப் பதிலாக மெல்லிசாக இரண்டு போட்டுக்கொள்ளுங்கள், ஒன்றைக் கழற்றலாம். உள்ளே பருத்தி இருக்கட்டும். கொதிக்கக் கொதிக்க டீ, அதிகக் காரம், மூடிய அறை இவையெல்லாம் சூட்டைக் கிளப்பும். மூடிய அறை என்றதும் ஒன்று. கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்காதீர்கள். இது எல்லா வயதுக்கும் சொல்கிறேன். அந்தப் புகையில் வாசனை தெரியாத விஷவாயு இருக்கிறது. நம் மலைகளில் அது உயிர்களை எடுத்திருக்கிறது.

சூடேறுவது சிலருக்கு ஒரு வருஷம், சிலருக்கு ஏழெட்டு வருஷம். தூக்கமும் வேலையும் கெடும் அளவுக்கு இருந்தால் மருந்து உண்டு. ஹார்மோன் மாத்திரை நன்றாகக் கேட்கும். 60 வயதுக்குள், நின்று பத்து வருஷத்துக்குள் தொடங்குபவர்களுக்கே அது பொதுவாகப் பொருத்தம். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கும், காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்தவர்களுக்கும் பொதுவாகத் தர மாட்டார்கள். அவர்களுக்கு ஹார்மோன் இல்லாத மருந்துகளும் இருக்கின்றன. பக்கத்து வீட்டு அக்காவின் சீட்டைக் காட்டி வாங்குகிற மருந்து இல்லை இது.

எனக்கு 38-லயே கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க. அப்ப எனக்கு இந்தத் தொந்தரவெல்லாம் வராதுதானே?

எதை எடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. கர்ப்பப்பையை மட்டும் எடுத்துச் சினைப்பைகளை விட்டிருந்தால், தூரம் வராதே தவிர ஹார்மோன் சுரந்துகொண்டிருக்கும். மாற்றங்கள் பின்னால் வரும், மற்றவர்களைவிடக் கொஞ்சம் முன்னதாகவே வரலாம். சினைப்பைகளையும் எடுத்திருந்தால் ஒரே நாளில் எல்லாம் நின்றுவிடும். படிப்படியாக இறங்க வேண்டியவள் குதித்து இறங்கிய மாதிரி. சூடு, தூக்கமின்மை, எலும்பு இழப்பு எல்லாம் வேகமாக வரும். அந்த டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுங்கள். அதில் எழுதியிருக்கும். அதைப் பத்திரமாக ரேஷன் கார்டோடு வையுங்கள்.

நின்னு மூணு வருஷம் ஆச்சு. திடீர்னு லேசா கறை பட்டுச்சு. ஒரு நாள்தான். விட்டுடலாமா?

விடவே கூடாது. ஒரு சொட்டு என்றாலும், ஒரு நாள் என்றாலும், பழுப்பு நிறக் கறை என்றாலும் அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அது புற்றுநோய் இல்லை. உள்தோல் மெலிந்து வந்ததாகவோ சின்னச் சதை வளர்ச்சியாகவோ இருக்கும். மீதி ஒருவர் நீங்களா இல்லையா என்பது ஸ்கேன் எடுத்து, தேவையானால் உள்ளிருந்து துளி சதை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். கர்ப்பப்பை உட்சுவரில் வரும் புற்றுநோய் பெரும்பாலும் இப்படிச் சீக்கிரமே கறை காட்டிவிடும். அந்த நேரத்தில் பிடித்துவிட்டால் ஆபரேஷனிலேயே குணமாகும் வாய்ப்பு அதிகம். எனக்குத் தெரிந்த ஒரு பெண், "பேரன் எடுத்த பிறகு இதை யார்கிட்ட சொல்றது" என்று எட்டு மாதம் துணியை மறைத்துத் துவைத்துக் காயப்போட்டார். அந்த எட்டு மாதத்தை அவருக்கு யாராலும் திருப்பித் தர முடியவில்லை.

எனக்கும் எலும்புத் தேய்மானம், என் அத்தைக்கும் எலும்புத் தேய்மானம். எனக்கு முட்டி வலிக்குது. அவங்களுக்கு ஒரு வலியும் இல்ல, ஆனா தடுக்கி விழுந்ததுக்கே இடுப்பு ஒடைஞ்சு போச்சு. ஒரே நோய் எப்படி ரெண்டு விதமா இருக்கும்?

ஒரே நோய் இல்லை. பெயர்தான் ஒன்று. இந்தக் குழப்பத்தை எத்தனை வீட்டில் உட்கார்ந்து அவிழ்த்திருக்கிறேன்!

உங்களுக்கு இருப்பது மூட்டுத் தேய்மானம். இரண்டு எலும்பு சேரும் இடத்தில் மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பு தேய்ந்துபோவது. வலிக்கும், வீங்கும், காலையில் மடக்க முடியாது. அத்தைக்கு இருப்பது எலும்பே உள்ளுக்குள் பொள்ளலாகிப்போவது. கரையான் அரித்த கதவு நிலை வெளியே பார்க்க முழுசாக இருக்குமே, அதுபோல. அது வலிக்காது. உடைகிற அன்றுதான் தெரியும். முட்டிக்குத் தைலம் தேய்த்தால் எலும்பு பொள்ளலாவது நிற்காது.

பெண்ணுக்கு ஏன் அதிகம்? நம் எலும்பு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கரைந்து, கொஞ்சம் புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டே இருக்கிறது. கரைவதை அடக்கி வைத்திருப்பது ஈஸ்ட்ரோஜென். முப்பது வயது வரை சேர்த்ததுதான் சேமிப்பு. தூரம் நின்ற பிறகு முதல் ஐந்து முதல் ஏழு வருஷத்தில் அந்தச் சேமிப்பில் பத்தில் ஒரு பங்கு, சிலருக்கு ஐந்தில் ஒரு பங்குகூடக் கரைந்துவிடும்.

இதை வீட்டிலேயே சந்தேகப்பட ஒரு வழி உண்டு. ஒரு பாட்டியின் புடவை எப்போதும் கரண்டைக்கு மேல் நிற்கும். ஒரு வருஷம் பார்த்தால் தரையில் இழுபட்டு, ஓரமெல்லாம் செம்மண் ஏறியிருந்தது. "கொசுவம் சரியா வைக்க முடியல சிஸ்டர், கை நடுங்குது" என்றார். கை நடுங்கவில்லை. சுவரில் நிற்கவைத்து அளந்தேன். பழைய பிரசவ அட்டையில் இருந்ததைவிட ஐந்து சென்டிமீட்டர் குறைந்திருந்தார். முதுகெலும்புக் கட்டைகள் ஒன்றிரண்டு சத்தமில்லாமல் நசுங்கியிருந்தன. அதுதான் கூன் விழுவதன் தொடக்கம். நாலு சென்டிமீட்டர் குறைந்தாலே டாக்டரிடம் சொல்லுங்கள். எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்கச் சொல்வார்.

சாப்பாட்டுக் கணக்கு: தூரம் நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். நூறு கிராம் ராகியில் சுமார் 350 கிடைக்கும், ஒரு டம்ளர் பாலில் 240. டீயில் சாயத்தை மாற்ற ஊற்றும் பாலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நம் மலையில் பழைய ஆட்கள் ராகியும் சாமையும் விதைத்துச் சாப்பிட்டார்கள். அந்த நிலமெல்லாம் தேயிலை ஆனது, தட்டில் ரேஷன் அரிசி வந்தது. ராகியை வாரத்தில் நாலு நாளாவது திரும்பக் கொண்டுவாருங்கள். கீரை, தயிர், எள்ளு, முள்ளோடு மெல்லக்கூடிய நெத்திலி எல்லாம் சேரட்டும்.

கால்சியம் உடம்பில் ஒட்ட வைட்டமின் டி வேண்டும். அது வெயிலில் கிடைப்பது. இங்கே ஆடி மாதம் தேவாலா, பந்தலூர் பக்கம் போனால் வாரக்கணக்கில் சூரியனையே பார்க்க முடியாது. வெயில் அடிக்கிற நாளிலும் தலையில் துண்டு, மேலே ஸ்வெட்டர், கீழே பூட்ஸ். வெயில் தோலில் படுவதே இல்லை. கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தாலும் பலனில்லை, வேண்டிய கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். வெளுப்பான நாளில் பத்து மணிக்கு மேல் முற்றத்தில் கையையும் காலையும் காட்டிக்கொண்டு கால் மணியோ அரை மணியோ உட்காருங்கள். மாத்திரை வேண்டுமா, எவ்வளவு என்பதை ரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர் சொல்வார். கால்சியம் மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் ஒன்றாக விழுங்காதீர்கள். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நாலு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

மிச்சம் இருப்பது விழாமல் இருப்பது. தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டுக் குளியலறை வாசலில் பாசி பிடித்த அந்த ஒரு படி எத்தனை இடுப்பை உடைத்திருக்கிறது தெரியுமா? பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேயுங்கள். தேய்ந்த ஹவாய் செருப்பைத் தூக்கிப் போடுங்கள். ராத்திரி எழுந்தால் லைட்டைப் போட்டுவிட்டு நடங்கள்.

சரி, என் முட்டி வலிக்கு?

மேடு ஏறுவதைவிடப் பள்ளம் இறங்கும்போதுதான் முட்டிக்குப் பாரம் அதிகம். இறங்கும்போது கம்பு ஊன்றுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. தொடைத் தசை பலமாக இருந்தால் முட்டி தாங்கும். நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவதைப் பத்து முறை, தினமும் இரண்டு வேளை செய்யுங்கள். எடை குறைந்தால் வலி குறையும். சந்தையில் பேர் இல்லாத பொட்டலத்தில் விற்கும் "மூட்டுவலிப் பொடி" வாங்காதீர்கள். இரண்டே நாளில் வலி பறந்துவிட்டதென்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கக் கூடும். அது முகத்தை வீங்க வைத்து, சர்க்கரையை ஏற்றி, எலும்பையும் அரிக்கும்.

சிரிச்சா, இருமினா, தும்மினா யூரின் வந்துடுது. மேட்டுப்பாளையம் போறதுக்கே பயமா இருக்கு.

இதை என்னிடம் சொன்ன ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தார்கள். மலையில் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார். பிரசவங்கள், வருஷக்கணக்கில் இருபது முப்பது கிலோ இலையையும் விறகையும் சுமந்தது, அதன் மேல் ஹார்மோன் குறைவு எல்லாம் சேர்ந்து இடுப்பின் அடித்தளத் தசை தளர்ந்துவிடுகிறது.

பயிற்சி இருக்கிறது, காசு வேண்டாம். காற்றுப் பிரிவதை அடக்குவது போல ஆசனவாயையும் சிறுநீர் வழியையும் உள்ளே இழுத்துப் பிடியுங்கள். ஐந்து எண்ணும் வரை பிடித்து, ஐந்து எண்ணும் வரை விடுங்கள். பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. மூச்சை அடக்காதீர்கள். குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் தெரியும். டீவி பார்க்கும்போது செய்யலாம், யாருக்கும் தெரியாது.

இதற்குப் பயந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். குளிரில் தாகமும் எடுக்காது, தோட்டத்தில் ஒதுங்க இடமும் இல்லை. கடைசியில் நீர்க்கடுப்பும் மலச்சிக்கலும் வந்து சேரும். ஃபிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுபோங்கள்.

"அடி இறங்குது", குந்தும்போது ஏதோ உருண்டை கையில் தட்டுகிறது என்றால் அது கர்ப்பப்பை இறக்கம். ஆரம்பத்தில் பயிற்சியே உதவும். அதற்கு மேல் போனால், உள்ளே பொருத்தித் தாங்கிப்பிடிக்கும் வளையம் உண்டு, ஆபரேஷனும் உண்டு. பழந்துணியைச் சுருட்டி வைத்து அடைத்துக்கொள்ளாதீர்கள். புண்ணாகிச் சீழ் பிடித்து வந்தவர்களை நான் கழுவிக் கட்டியிருக்கிறேன்.

வீட்டுக்காரர் பக்கத்துல வந்தாலே வலிக்குது. இந்த வயசுல இதைக் கேக்கலாமா?

கேட்கலாம். கணவனும் மனைவியும் சேர்ந்திருக்க வயசு வரம்பு யாரும் போடவில்லை. ஈஸ்ட்ரோஜென் குறைந்ததும் பிறப்புறுப்பின் தோல் மெலிந்து வறண்டுவிடுகிறது. சூடேறுவது காலப்போக்கில் அடங்கும், இந்த வறட்சி தானாக அடங்காது. அரிப்பு, எரிச்சல், திரும்பத் திரும்ப நீர்க்கடுப்பு எல்லாம் இதன் பிள்ளைகள்தான். வழுவழுப்பான ஜெல் மருந்துக் கடையில் கிடைக்கும். டாக்டர் எழுதித் தந்தால் அங்கேயே தடவும் ஈஸ்ட்ரோஜென் கிரீம் நல்ல பலன் தரும். டெட்டால், சோப்பு போட்டுக் கழுவாதீர்கள், வெறும் தண்ணீர் போதும். அதோடு அவரிடமும் சொல்லுங்கள். சொல்லாமல் தள்ளிப்படுத்தால் அவர் வேறு ஏதோ நினைத்துக்கொள்வார்.

சோத்தைக் குறைச்சுட்டேன். ஆனாலும் வயிறு மட்டும் முன்னால வருது.

தொடையிலும் இடுப்பிலும் சேர்ந்த கொழுப்பு இப்போது வயிற்றைத் தேடி வருகிறது. தசையும் கரைகிறது. கூலி வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பெண்களுக்கு இது ஒரே வருஷத்தில் தெரியும். இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் சர்க்கரையும் பிரஷரும் பாருங்கள். பட்டினி கிடக்காதீர்கள். சோற்றைக் குறைத்த இடத்தில் பயறு, முட்டை, அவரை, மீன் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இன்னும் தசைதான் கரையும். வர்க்கியைக் குறையுங்கள். ஊட்டி வர்க்கி நம் பெருமைதான், ஆனால் அதில் மைதாவும் கொழுப்பும் கொஞ்சமல்ல.

மேடு ஏறினா மூச்சு அடைக்குது, தாடையும் முதுகும் வலிக்குது. வாய்வுதானே?

தூரம் நிற்கும் வரை பெண்ணின் இதயத்துக்கு ஓரளவு பாதுகாப்பு இருக்கிறது. பிறகு அது போய்விடும். பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வதாகவே வர வேண்டியதில்லை. மூச்சுத் திணறல், காரணமில்லாத அசதி, குமட்டல், குளிர்ந்த வேர்வை, தாடை, தோள், முதுகு வலி என்றும் வரும். இஞ்சிச் சாறும் பெருங்காயமும் கொடுத்து ஒரு ராத்திரியை ஓட்டிவிடுவார்கள். நடந்தால் வந்து நின்றால் போகும் வலியை நாளைக்கே காட்டுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே வந்து போகாமல் இருந்தால் உடனே 108. நம் ரோட்டில் ஆம்புலன்ஸ் வந்து சேர நேரமாகும், அதனால் முடிவெடுப்பதில் நேரத்தைத் தொலைக்காதீர்கள். குளிர் காலத்தில் பிரஷர் ஏறும் என்பதால் மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது. மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021-இல் வந்ததிலிருந்து பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். உங்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

கண்ணு, காது, தோலு, முடி?

நாற்பதுக்கு மேல் ஊசியில் நூல் கோர்க்க முடியாதது வெள்ளெழுத்து. கண்ணாடி போட்டால் தீர்ந்தது. அறுபதுக்கு மேல் பார்வை புகைமூட்டமாகத் தெரிந்தால் புரை, ஆபரேஷனில் தெளிவாகும். மலையில் மூடுபனி என்று நினைத்துத் தள்ளிப்போட்டவர்கள் உண்டு. காது மந்தமாவது வயசு. ஒரு காது மட்டும் திடீரென்று கேட்காமல் போவது நோய். தோல் மெலியும், வறளும். குளித்த ஈரம் காயும் முன் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். உயரம் கூடக் கூட வெயிலின் கடுமையும் கூடும், குளிர்கிறதே என்று ஏமாற வேண்டாம். உச்சி வகிடு அகலமாவதும் தாடையில் இரண்டு முடி முளைப்பதும் சாதாரணம்.

ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்துடுது. காரணமே இல்லாம அழுகை வருது. நேத்து அடுப்புல வெச்சதை மறந்துட்டேன்.

ஹார்மோன் இறங்கும் காலத்தில் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் ஞாபகமும் மனசும் கெடும். பெயர் மறப்பது, சாவியைத் தேடுவது எல்லாம் இதில் சேரும். பழகிய வழி தெரியாமல் நிற்பது, சமைக்கும் முறையே மறப்பது சேராது, அதைக் காட்ட வேண்டும். அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, பேரன் வந்தால்கூட முகம் மலரவில்லை என்றால் அது மனச்சோர்வு. மருந்தும் பேச்சும் குணமாக்கும். மகன் கோவைக்கும் திருப்பூருக்கும் போய்விட்ட வீடுகளில் இதை நான் அதிகம் பார்க்கிறேன். 104 என்ற மருத்துவ உதவி எண்ணுக்குக் கூப்பிட்டால் பேசி ஆலோசனை கேட்கலாம்.

மார்புல கட்டி மாதிரி இருக்கு, வலி இல்ல.

வலி இல்லை என்பது நல்ல சேதி அல்ல. காம்பு உள்ளிழுத்தல், தோல் ஆரஞ்சுத் தோல் போலாவது, ரத்தக் கசிவு, அக்குளில் கட்டி, எதுவானாலும் இந்த வாரமே போங்கள். கட்டி இல்லாதவர்களும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பையும் கர்ப்பப்பை வாயையும் பரிசோதித்துக்கொள்ளலாம். ஐந்து நிமிஷ வேலை.

டாக்டர் ஆம்பளை. கூட வந்தது மகன். எப்படி வாயைத் திறக்கிறது?

எல்லாக் கேள்விக்கும் அடியில் இருப்பது இந்தக் கேள்விதான். முந்தின ராத்திரியே ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எழுத வராவிட்டால் பேத்தியை எழுதச் சொல்லுங்கள். கடைசியாகத் தூரம் வந்த மாதம், கறை பட்ட தேதி, சாப்பிடும் மாத்திரைகள், எங்கே வலி. அந்தச் சீட்டை டாக்டர் கையில் கொடுத்துவிடுங்கள். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்பதில் தப்பில்லை, ஊட்டி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மகளிர் மருத்துவப் பிரிவு இருக்கிறது. ஆண் டாக்டர் பரிசோதித்தால் ஒரு செவிலியர் உடன் இருக்க வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள். "நீ போய் டீ குடிச்சுட்டு வாடா கண்ணு" என்று மகனை வெளியே அனுப்புங்கள். அவன் போன பிறகு கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுப் பேசத் தொடங்குங்கள்.